16-ஆம் சேனலில் யார் இருக்கிறீர்கள்?

கரையோரப் பயணத்துக்குப் படகும் டீசலும் மட்டும் போதாது. முறையாகக் கூப்பிடத் தெரிய வேண்டும். அடுத்தவர் கூப்பிட்டால் அது காதில் விழவும் வேண்டும்.

ஐப்பசி பிறந்துவிட்டால் செய்தித்தாள்களில் புயல் கூண்டுகள் ஏறத் தொடங்கும். நாகையில் 1, பாம்பனில் 3, கடலூரில் 5 என்று எண்கள் மாறிக்கொண்டே வரும். எண் கூடக் கூட ஆபத்தும் கூடுகிறது என்பது நமக்குப் பழகிப்போன கணக்கு. 8, 9, 10 என்றால் பெரும் அபாயம். அப்படியானால் 11? அதைவிடப் பெரிய புயல் என்றுதான் நினைக்கத் தோன்றும். ஆனால் 11-ஆம் எண் கூண்டு புயலின் அளவைச் சொல்வதே இல்லை. புயல் எச்சரிக்கை மையத்துடன் இருந்த தொடர்பு அறுந்துவிட்டது, வானிலை மோசமாகும் என்று உள்ளூர் அதிகாரி கருதுகிறார் என்பதே அதற்குப் பொருள். கூண்டு வரிசையை வகுத்தவர்கள், பெரும்புயலுக்கும் அடுத்த எண்ணைத் தொடர்பு அறுவதற்குக் கொடுத்திருக்கிறார்கள்.

பழவேற்காட்டில் தொடங்கி நீரோடியில் முடியும் தமிழ்நாட்டுக் கடலோரம் சுமார் 1,076 கி.மீ. நீளம். இந்தக் கரையை ஒட்டி விசைப்படகும் நாட்டுப்படகும் போகின்றன. கன்னியாகுமரியில் விவேகானந்தர் பாறைக்கு ஆள் ஏற்றும் படகு போகிறது. நாகையிலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் தொடங்கிய பயணிகள் கப்பல் போகிறது. 1911-இல் தொடங்கிய ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பின் பாய்மரப் படகுகளும் சென்னைத் துறைமுகத்திலிருந்து போகின்றன. தொழில் வேறு, வேகம் வேறு, வசதி வேறு. ஆனால் ஆபத்து வந்தால் இவர்கள் எல்லோரும் சந்திக்க வேண்டிய இடம் ஒன்றுதான்: 156.8 மெகாஹெர்ட்ஸ். கடல்காரர்கள் அதை 16-ஆம் சேனல் என்பார்கள். வி.எச்.எஃப். வயர்லெஸ் பொருத்திய எந்தப் படகும், எந்த நாட்டுக் கடலிலும், அபாயத்தைச் சொல்லவும் முதல் குரல் கொடுக்கவும் வரவேண்டிய சேனல் அது.

செட் வாங்குவது எளிது. அந்தச் சேனலில் காது வைத்திருப்பதுதான் நம் கரையில் இன்னும் பழக்கமாகவில்லை.

கயிறு அவிழ்க்கும் முன்

தூத்துக்குடியில் விடியும்போது கிளம்பி, மன்னார் வளைகுடாத் தீவுகளுக்கு வெளியே வடக்கு நோக்கி வேம்பார் வரை போய், பொழுது சாய்வதற்குள் திரும்புகிற ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். போக வர ஏறக்குறைய 50 கடல்மைல். மணிக்கு 8 கடல்மைல் ஓடும் படகுக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்றே மேல். பயணம் சின்னதுதான். ஆனால் முன்வேலை சின்னதில்லை.

முதலில் வானிலை. 'மன்னார் வளைகுடா, குமரிக்கடல் பகுதிகளில் சூறாவளிக் காற்று மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்தில்' என்று தொடங்கும் அறிக்கை வந்திருந்தால் கேள்வியே இல்லை, கயிறு அவிழ்க்கக் கூடாது. காற்று அமைதியாக இருக்கும் நாளிலும் ஹைதராபாத்தில் இயங்கும் இன்காய்ஸ் நிறுவனத்தின் அலை அறிவிப்பைப் பார்த்துவிட வேண்டும். எங்கோ தெற்கே இந்தியப் பெருங்கடலில் எழுந்த அலைகள், இங்கே இலை அசையாத நாளில்கூடக் கரையில் வந்து மோதும். கள்ளக்கடல் என்று மீனவர்கள் சொல்வது அதைத்தான். 2024 மே மாதம் குமரி மாவட்டக் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேரை அலை இழுத்துப்போன நாளில், கள்ளக்கடல் எச்சரிக்கை வெளியாகியிருந்தது.

அடுத்து, கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவது. எங்கே போகிறோம், எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம், அந்த நேரம் தாண்டினால் அவர் என்ன செய்ய வேண்டும். கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554. அந்த எண்ணைச் சொல்லிக்கொடுக்காமல் 'சாயங்காலம் வந்துருவேன்' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனால், இருட்டிய பிறகு வீட்டில் இருப்பவர்கள் யாரைக் கேட்பது என்று தெரியாமல் துறைக்கும் வீட்டுக்கும் அலைவார்கள்.

மூன்றாவது செட். இதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். சுவிட்சைப் போட்டதும் விளக்கு எரிகிறது. ஸ்குவெல்ச் குமிழைக் குறைத்தால் கொரகொரவென்று இரைச்சல் வருகிறது, கூட்டினால் அடங்குகிறது. பக்கத்தில் கட்டிக் கிடக்கும் படகைக் கூப்பிட்டால் 'நல்லா கேக்குது' என்கிறார்கள். பெரும்பாலான சோதனை இத்தோடு முடிந்துவிடும். ஆனால் செட்டின் பின்னால் கையை விட்டு, ஆன்டெனா கேபிள் செருகியிருக்கும் இடத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். உப்புக்காற்று பட்டு அங்கே பச்சை பிடித்திருந்தால் குரல் செட்டை விட்டு வெளியே போவதே அரிது. பத்தடி தள்ளி நிற்கும் படகுக்கு ஆன்டெனாவைக் கழற்றிவிட்டுப் பேசினாலும் கேட்கும். ஐந்து மைல் தள்ளி இருப்பவருக்குக் கேட்குமா என்பதுதான் சோதனை. அதனால் ஒலிச்சோதனையைத் தூரத்தில் இருக்கும் படகோடு செய்ய வேண்டும். அதையும் 16-இல் செய்யாமல் வேறு சேனலுக்குப் போய்ச் செய்வதுதான் மரியாதை.

குரல் எட்டும் தூரம்

வி.எச்.எஃப். அலை பெரும்பாலும் நேர்கோட்டில் போகும். பூமியோ வளைந்திருக்கிறது. அதனால் செட்டின் சக்தியைவிட ஆன்டெனாவின் உயரம்தான் தூரத்தைத் தீர்மானிக்கிறது. ஒரு கைக்கணக்கு உண்டு. ஆன்டெனா உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 2.25-ஆல் பெருக்கினால் கடல்மைல் கிடைக்கும். பேசுபவர், கேட்பவர் இருவருக்கும் தனித்தனியே கணக்கிட்டுக் கூட்ட வேண்டும். 4 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா உள்ள இரண்டு படகுகள் என்றால் 4.5-உம் 4.5-உம் சேர்ந்து 9 கடல்மைல். அதே படகு, கரையில் 100 மீட்டர் உயரக் கோபுரத்தோடு பேசினால் 4.5-உம் 22.5-உம் சேர்ந்து 27 கடல்மைல், அதாவது சுமார் 50 கி.மீ.

1 வாட்டிலிருந்து 25 வாட்டுக்கு மாற்றினால் குரல் தெளிவாகும், தூரம் கொஞ்சம் கூடும். ஆனால் வளைவுக்கு அப்பால் இருப்பவரை அது கொண்டுவந்துவிடாது. கையில் பிடிக்கும் செட்டோடு தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு எட்டும் தூரம் இன்னும் குறைவு. ஆகவே சிறு படகுக்காரர் நம்ப வேண்டியது தன் செட்டை மட்டுமில்லை. தனக்கும் கரைக்கும் நடுவில் ஓடும் அடுத்த படகையும்தான். தன் அழைப்பைக் கேட்டு அப்பால் சொல்லும் ஒரு படகு நடுவில் இருந்தால் 27 மைல் 36 மைலாகும்.

செல்போனால் இது முடியாது. கரையிலிருந்து கொஞ்சம் விலகினால் சிக்னல் போய்விடும் என்பது ஒருபுறம். சிக்னல் இருந்தாலும் போன் ஒருவரோடுதான் பேசும். கூப்பிடும் எண்ணில் இருப்பவர் திருச்செந்தூரில் இருக்கலாம், துபாயில் இருக்கலாம். வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் எட்டும் தூரத்தில் உள்ள அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் கேட்கும். கடலில் முதலில் வந்து தூக்குவது பெரும்பாலும் பக்கத்தில் இருக்கும் படகுதான். அந்தப் படகுக்காரரின் எண் நம்மிடம் இருக்காது.

மூன்று அழைப்புகள்

உலகக் கடல்கள் முழுவதும் ஒப்புக்கொண்ட பாதுகாப்பு அழைப்புகள் மூன்று. ஒவ்வொன்றையும் மூன்று முறை சொல்லித் தொடங்க வேண்டும்.

'செக்யூரிட்டே' எச்சரிக்கைக்கு உரியது. எனக்கு ஆபத்தில்லை, ஆனால் இந்த வழியாக வருகிறவர்கள் கவனியுங்கள் என்று சொல்வது. மிதக்கும் மரம், அணைந்துபோன மிதவை விளக்கு, திடீர்க் காற்று எல்லாம் இதில் வரும். 2025 மே 25 அன்று கொச்சிக்கு அப்பால் எம்.எஸ்.சி. எல்சா 3 சரக்குக் கப்பல் 600-க்கும் மேற்பட்ட கொள்கலன்களோடு மூழ்கியது. அதிலிருந்து சிதறிய பிளாஸ்டிக் குருணைகள் குமரிக் கரைவரை வந்து ஒதுங்கின. பாதி மூழ்கி மிதக்கும் ஒரு கொள்கலன், இருட்டில் வரும் ஃபைபர் படகை இரண்டாகப் பிளந்துவிடும். அதைப் பார்த்தவர் இடத்தைக் குறித்து எல்லோருக்கும் சொல்லிவிட்டுப் போவதற்குத்தான் இந்த அழைப்பு.

'பான்-பான்' அவசரத்துக்கு உரியது. இப்போதே உயிர் போகும் நிலை இல்லை, ஆனால் உதவி வேண்டும். எஞ்சின் நின்றுவிட்டது, விசிறியில் வலை சுற்றிக்கொண்டது, ஒருவருக்கு நெஞ்சுவலி. கடலில் நடக்கும் பெரும்பாலான சங்கடங்கள் இந்த வகைதான். நம் ஆட்கள் தயங்கும் இடமும் இதுதான். எஞ்சினை நாமே சரிசெய்துவிடலாம் என்று இரண்டு மணி நேரம் போராடுவார்கள். அதற்குள் நீரோட்டம் படகைப் பாறைப் பக்கமோ, ராமேஸ்வரம் கடலாக இருந்தால் எல்லைக்கோட்டுக்கு அப்பாலோ கொண்டுபோய்விடும். முதலில் பான்-பான் சொல்லி இடத்தைத் தெரிவித்துவிட்டு எஞ்சினைத் திறக்கலாம். சரியாகிவிட்டால் 'சரியாகிவிட்டது' என்று இன்னொரு முறை சொல்வதில் வெட்கம் எதுவும் இல்லை.

மூன்றாவது 'மேடே'. படகோ உயிரோ போகும் ஆபத்தில் இருக்கும்போது மட்டும். லண்டனுக்கு அருகே குரோய்டன் விமான நிலையத்தில் 1920-களில் உருவான இந்த அழைப்பை, 1927-இல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச ரேடியோ மாநாடு ஏற்றுக்கொண்டது. மேடே அழைப்புக்கு வரிசை உண்டு. தூத்துக்குடிக்குத் தென்கிழக்கே ஒரு படகில் தண்ணீர் ஏறுகிறது என்று வைத்துக்கொண்டால் இப்படி இருக்கும்:

'மேடே, மேடே, மேடே. இது செல்வமாதா, செல்வமாதா, செல்வமாதா. மேடே, செல்வமாதா. எங்க இடம் வடக்கு எட்டு டிகிரி நாலு சைபர் மினிட், கிழக்கு ஏழு எட்டு டிகிரி ரெண்டு அஞ்சு மினிட். தூத்துக்குடி துறைமுகத்துக்குத் தென்கிழக்கே பதிமூணு மைல். படகுல தண்ணி ஏறுது, மூழ்குறோம். உடனே உதவி வேணும். ஆறு பேர் இருக்கோம். எல்லாரும் லைஃப் ஜாக்கெட் போட்டிருக்கோம். ஓவர்.'

பெயர், இடம், என்ன நடந்தது, என்ன வேண்டும், எத்தனை பேர். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. பேசிக்கொண்டிருக்கும்போதே பேட்டரியில் தண்ணீர் புகுந்து செட் அடங்கிவிடலாம். அதற்குள் பெயரும் இடமும் போய்ச் சேர்ந்திருந்தால் தேடி வருவார்கள். 'ஐயோ, காப்பாத்துங்க, தண்ணி ஏறுது' என்று மட்டும் போயிருந்தால் எங்கே வருவது? பதற்றத்தில் வரிசை மறந்துபோகும் என்பதால், இதை ஓர் அட்டையில் எழுதி மைக்குப் பக்கத்தில் ஒட்டிவைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம்.

புதிய செட்டுகளில் மூடி போட்ட ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கும். மூடியைத் தூக்கி, சில நொடிகள் அழுத்திப் பிடித்தால் படகின் அடையாள எண்ணும் இடமும் 70-ஆம் சேனல் வழியாக இலக்கச் செய்தியாகப் பறக்கும், எட்டும் தூரத்தில் உள்ள செட்டுகளில் மணி அடிக்கும். ஆனால் இரண்டு வேலைகள் முன்பே முடிந்திருக்க வேண்டும். ஒன்பது இலக்க எம்.எம்.எஸ்.ஐ. எண்ணைச் செட்டில் பதிந்திருக்க வேண்டும். இந்தியப் படகானால் அது 419 என்று தொடங்கும். ஜி.பி.எஸ்.ஸையும் செட்டோடு இணைத்திருக்க வேண்டும். எண் பதியாவிட்டால் பொத்தான் வேலை செய்யாது. ஜி.பி.எஸ். இணைக்காவிட்டால் யாரோ ஆபத்தில் இருக்கிறார்கள் என்று தெரியும், எங்கே என்று தெரியாது. தவறுதலாக அழுத்திவிட்டால் செட்டை அணைத்துவிட்டு இருந்துவிடக் கூடாது. 16-இல் வந்து 'அபாயம் இல்லை, ரத்து' என்று சொல்ல வேண்டும்.

கேட்பதும் கடமை

1912 ஏப்ரல் 14 இரவு. வட அட்லாண்டிக்கில் பனிக்கட்டிகளுக்கு நடுவே நின்றுவிட்ட கலிஃபோர்னியன் கப்பலின் வயர்லெஸ் இயக்குநர், பக்கத்தில் போகும் டைட்டானிக்கை எச்சரித்தார். வேலையாக இருக்கிறேன், குறுக்கிடாதே என்று பதில் வந்தது. அவர் செட்டை அணைத்துவிட்டுப் படுத்தார். சிறிது நேரத்தில், 11.40 மணிக்கு, டைட்டானிக் பனிப்பாறையில் மோதியது. 58 மைல் தள்ளி இருந்த கார்பேத்தியா கப்பலின் இயக்குநரும் படுக்கப்போகும் நேரம்தான். காதில் மாட்டியிருந்ததை இன்னும் கழற்றவில்லை. அதனால் டைட்டானிக்கின் அழைப்பு அவருக்குக் கேட்டது. கார்பேத்தியா விரைந்து வந்து 700-க்கும் மேற்பட்டவர்களை மீட்டது. இந்த விபத்துக்குப் பிறகுதான் கப்பல்களில் இரவு பகலாக ரேடியோவில் காது வைத்திருக்க வேண்டும் என்பது சர்வதேச விதியாக வளர்ந்தது.

அந்த விதி வளர்ந்த விதத்தை அறிய, பழைய கப்பல்களின் ரேடியோ அறைக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும். அதன் முகத்தில் நான்கு இடங்களில் வண்ணப் பட்டை இருக்கும். 15 முதல் 18 நிமிடம் வரையும் 45 முதல் 48 வரையும் சிவப்பு. மணி தொடங்கும் மூன்று நிமிடமும் அரைமணி தொடங்கும் மூன்று நிமிடமும் பச்சை. சிவப்பு நேரத்தில் மோர்ஸ் அபாய அலைவரிசையில் யாரும் தட்டக் கூடாது. பச்சை நேரத்தில் 2182 கிலோஹெர்ட்ஸ் குரல் அலைவரிசையில் யாரும் பேசக் கூடாது. எங்கோ ஒரு படகின் தேய்ந்த பேட்டரியிலிருந்து வரும் மெல்லிய குரல் கேட்கட்டும் என்பதற்காக, கடல் முழுவதும் மணிக்கு இரண்டு முறை வாய் மூடியது. 1999 பிப்ரவரி 1-இல் உலகக் கடல் அபாயத் தொடர்பு முறை முழுமையாக நடைமுறைக்கு வந்தபின், செயற்கைக்கோளும் இலக்கச் செய்தியும் இந்த வேலையை ஏற்றுக்கொண்டன. சிறு படகுக்கு அந்தக் கடிகாரம் சொன்ன பாடம் இன்றும் மாறவில்லை.

நம் கரையில் நடப்பது என்ன? வயர்லெஸ் பெரும்பாலும் பாடு எங்கே கிடைக்கிறது, இன்று ஏலத்தில் இறால் என்ன விலை என்று கூட்டாளிகளோடு பேசும் கருவியாக இருக்கிறது. அதில் தவறில்லை, பிழைப்பும் முக்கியம். ஆனால் அவரவர் குழுவுக்கு ஒரு சேனல் என்று ஒதுங்கிக்கொண்டால் 16 காலியாகிவிடும். அங்கே ஒருவர் கூப்பிட்டால் எடுக்க ஆளிருக்காது. பெரும்பாலான செட்டுகளில் இரண்டு சேனலை ஒரே நேரத்தில் கண்காணிக்கும் வசதி இருக்கிறது. ஒரு பொத்தானைத் தட்டிவிட்டால் கூட்டாளி பேச்சும் கேட்கும், 16-உம் கேட்கும்.

இதற்கு நேரெதிரான தொல்லையும் உண்டு. இந்தச் சேனலில் ஒருவர் பேசும்போது மற்றவர் பேச முடியாது. மைக்கைச் சீட்டின் இடுக்கில் சொருகிவைத்து அதன் பொத்தான் அமுங்கிக் கிடந்தால், அந்தப் படகின் எஞ்சின் சத்தம்தான் சுற்றுவட்டாரம் முழுக்க ஒலிக்கும். அவருக்கு அது தெரியவே தெரியாது. மைக்கை அதற்குரிய கொக்கியில் மாட்டுவது சின்ன ஒழுங்குதான். அதில் ஒரு உயிர் தப்பலாம்.

மேடே கேட்டுவிட்டால் நமக்கும் வேலை இருக்கிறது. வாயை மூடி, பென்சிலை எடுத்து இடத்தைக் குறிக்க வேண்டும். கரையிலிருந்து பதில் வருகிறதா என்று சற்றுக் கவனிக்க வேண்டும். வராவிட்டால் 'மேடே ரிலே' என்று தொடங்கி, கேட்டதைக் கேட்டபடியே நாம் திருப்பிச் சொல்ல வேண்டும். உதவப் போவது கப்பல் தலைவரின் கடமை என்று கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கை சொல்கிறது. அதற்கு முன்பே நம் கடல்துறைகளில் அது எழுதாத சட்டம்.

ஒக்கி காட்டியது

இந்த ஏற்பாடு எல்லாம் செட் எட்டும் தூரத்துக்குள்தான். 2017 நவம்பர் 29 அன்று இலங்கையின் தென்கிழக்குக் கரையை ஒட்டி உருவான தாழ்வு மண்டலம் மறுநாளே குமரிக்கடலில் ஒக்கி புயலாகிவிட்டது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி போன்ற ஊர்களின் தங்குகடல் மீனவர்கள் அதற்குப் பல நாள் முன்பே கிளம்பி நூற்றுக்கணக்கான மைல் தள்ளி இருந்தார்கள். எச்சரிக்கை கரையில் ஒலித்தபோது அவர்களிடம் அதைச் சொல்ல வழியில்லை. 27 மைல் எட்டும் செட்டை வைத்துக்கொண்டு 300 மைலில் தொழில் செய்பவரைக் கூப்பிட முடியாது.

அந்தத் தூரத்துக்கு வானம் வழியாகத்தான் பேச வேண்டும். இஸ்ரோ உருவாக்கிய 'டாட்' என்ற அபாய அறிவிப்புக் கருவி 2010 முதல் பயன்பாட்டில் இருக்கிறது. தீ, மூழ்குதல், மருத்துவ அவசரம் என்று வகை சொல்லிப் பொத்தானை அழுத்தினால், செயற்கைக்கோள் வழியாகக் கடலோரக் காவல்படையின் மீட்பு மையத்துக்கு இடம் போய்ச் சேரும். முதல் தலைமுறைக் கருவியில் செய்தி போனதா இல்லையா என்று தெரியாமல் அழுத்தியவர் காத்திருக்க வேண்டியிருந்தது. 2024 ஜனவரியில் இஸ்ரோ அறிமுகப்படுத்திய இரண்டாம் தலைமுறைக் கருவியில் 'கிடைத்தது' என்ற பதில் திரும்பி வரும். கரையிலிருந்து புயல் எச்சரிக்கையையும் அனுப்பலாம். மத்திய அரசின் திட்டத்தில் 1 இலட்சம் மீன்பிடிப் படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் பொருத்தும் வேலையும் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது.

கருவி வந்துவிட்டது என்பதால் 16-ஆம் சேனல் தேவையற்றுப் போய்விடவில்லை. செயற்கைக்கோள் மீட்பு மையத்துக்குச் சொல்லும், மையம் கப்பலைத் திருப்பிவிடும். ஆனால் மூன்று மைல் தள்ளி வலை இழுத்துக்கொண்டிருக்கும் படகுக்கு அந்தக் குரல் வயர்லெஸ்ஸில்தான் கேட்கும்.

உல்லாசப் படகில் ஏறுகிறவர்களுக்கு

2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அளவுக்கு மீறிய ஆட்கள், லைஃப் ஜாக்கெட் இல்லாத பயணம். அதன் பிறகு எத்தனையோ விதிகள் வந்தன. எந்த விதியும் படகுத்துறையில் காசு கொடுக்கும் நேரத்தில் நம்மோடு வந்து நிற்காது. அதனால் ஏறும் முன் நாமே கேட்க வேண்டும். லைஃப் ஜாக்கெட் எங்கே என்று கேட்பதோடு, 'வயர்லெஸ் இருக்கா? யார் கேட்கிறாங்க?' என்றும் கேட்கலாம். படகோட்டி மயங்கி விழுந்தால் மைக்கை எடுத்துப் பேச இன்னொருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும். தண்ணீர் புகாத, மிதக்கும் 5 வாட் கைச்செட்டைப் படகோட்டி இடுப்பில் கட்டியிருந்தால் இன்னும் நல்லது. படகு கவிழ்ந்தால் பொருத்திவைத்த செட் படகோடு போய்விடும்.

கரையில் இருக்கும் காது

2004 ஆழிப்பேரலை நாளில் புதுச்சேரி நல்லவாடு கிராமத்துக்குச் சிங்கப்பூரிலிருந்து அந்த ஊர்க்காரர் ஒருவரின் போன் வந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே நடத்திய தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் எச்சரிக்கை ஒலித்தது, ஊர் மக்கள் வெளியேறித் தப்பினார்கள். அலை உயரமும் மீன் கிடைக்கும் இடமும் சொல்ல வைத்த ஏற்பாடு அன்று உயிர் காத்தது. பாம்பனில் 2016 முதல் ஒலிக்கும் 'கடல் ஓசை' 90.4 எஃப்.எம். மீனவர்களுக்கென்றே அவர்கள் பேசும் தமிழில் வானிலை சொல்கிறது. எச்சரிக்கை நம்மை நம் மொழியில் வந்து சேர இப்படி வழிகள் உண்டாகிவிட்டன. எதிர்த்திசையும் அதே அளவு முக்கியம். நள்ளிரவில் 16-இல் தமிழில் மேடே கேட்டால், கரையில் அந்த நேரத்தில் பணியில் இருப்பவருக்குத் தமிழ் புரிய வேண்டும். 'சோழகம் அடிக்குது, வாநீவாடு இழுக்குது' என்று ஒருவர் சொன்னால், தென்காற்று வீசுகிறது, நீரோட்டம் எந்தப் பக்கம் போகிறது என்று உடனே பிடித்துக்கொள்ளும் ஆள் ஒவ்வொரு முறைப்பணியிலும் ஒருவர் தேவை. கடலோர ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான அரசு வேலை எது?

பயிற்சிக்கு நேரமில்லை என்று சொல்ல முடியாது. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. பழுது பார்க்கிறார்கள், பெயிண்ட் அடிக்கிறார்கள், எஞ்சினைப் பிரித்து மாட்டுகிறார்கள். அந்த 61 நாளில் ஒரு அரைநாள் போதும். ஆன்டெனா இணைப்பைக் கழற்றித் துடைத்து, எண்ணைப் பதிந்து, ஜி.பி.எஸ்.ஸை இணைத்து, படகில் போகும் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது மைக்கைப் பிடித்து வரிசை தவறாமல் சொல்லிப் பழகிவிடலாம். மீன்வளத் துறையும் கடலோரக் காவல்படையும் சங்கங்களோடு சேர்ந்து துறைக்குத் துறை இதை நடத்தினால் செலவும் பெரிதில்லை. படகு பதிவைப் புதுப்பிக்கும்போது எஞ்சினையும் நீளத்தையும் பார்க்கிறோம். 16-ஆம் சேனலில் குரல் போகிறதா, அழைத்தால் ஆள் எடுக்கிறாரா என்பதையும் அந்தப் பட்டியலில் சேர்த்துவிட வேண்டும்.